வைலேயில் இந்து சமுத்திரம்

இலங்கையில் போர் முடிவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர், இந்து சமுத்திரத்தின் பாதுகாப்பு பற்றிய கருத்தரங்கு ஒன்று டென்மார்க்கின் வைலே நகரில் நடந்தது. கடற்கழியோரம் இருந்த ஹோட்டலில், காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை, மதிய உணவுடன். டென்மார்க்கும் சேர்ந்திருந்த ஐரோப்பிய நாடுகளின் ஒன்றியம், தொலைவில் உள்ள அந்தக் கடற்பரப்பில் எதைக் காக்கப்போகிறது, எப்படிக் காக்கப்போகிறது என்று அதன் அதிகாரி ஒருவர் வந்து விளக்குவார் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தது. அழைக்கப்பட்டவர்கள் சரக்குப் போக்குவரத்துக் கம்பனிக்காரர்கள், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரிகள், ஊர் வணிகர்கள். தமிழர்களான நாங்கள் நான்கு பேர் அழைப்பில்லாமல், இணையத்தில் பெயர் பதிந்து போனோம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் உதவி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன். மற்றவர்கள் எழுதியதைக் குறுக்குவது என் தொழில். டென்மார்க்கில் பிளாஸ்டிக் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் எங்கள் ஆட்கள் கடிதம் எழுதும்போது கடைசியில் என்னிடம் கொண்டுவருவார்கள், திருத்துவதற்காக. திருத்தியதை அப்படியே விடுவது மட்டும் அவர்கள் வழக்கமில்லை.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த பெண் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். அவளுடைய கணவர் சமாதான காலத்தின் கடைசியில், நோயாய்க் கிடந்த தகப்பனைப் பார்க்க வன்னிக்குப் போனவர். திரும்பி வரும் பாதை பூட்டப்பட்டது. தகப்பன் இறந்தார். ஊர் ஊராகச் சனத்தோடு பின்வாங்கி, கடலுக்கும் களப்புக்கும் இடையில் இருந்த ஒரு மணல் திட்டியில் வந்து நின்றார். அங்கே தொடையில் ஷெல் துண்டு பட்டது. யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் ஒரு நிமிடம் கதைக்கக் கிடைத்தபோது, அவர் சொன்ன செய்தி இதுதான்: காயக்காரரை ஏற்ற இடையிடையே ஒரு கப்பல் வருகிறது, அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது, டென்மார்க்கின் வதிவிட அனுமதி தன்னிடம் இருப்பதால் இங்கிருந்து யாராவது பெரிய இடத்தில் கதைத்தால் பட்டியலில் தன் பெயர் சேரலாம்.

அவள் அடுத்த நாளே கொப்பன்ஹேகனில் வெளிநாட்டு அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்தாள். மரியாதையான ஒருவர் முழுவதையும் கேட்டார். அந்தப் பிரதேசம் தொடர்பாக எங்கள் நாடு தனித்துச் செயற்படுவதில்லை, ஒன்றியத்தின் பொது நிலைப்பாட்டின்படியே நடக்கிறது என்று சொல்லி, நல்ல வார இறுதியை வாழ்த்தி வைத்துவிட்டார். ஆகவே அவள் ஒன்றியத்தைத் தேடினாள். ஒன்றியமோ தானாகவே வைலேக்கு வரப்போகிறது, அவள் வேலை செய்யும் இல்லத்தில் இருந்து ஐந்து பஸ் தரிப்பிடம் தள்ளி.

இதை அவள் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் சொன்னது முதல் பிழை. சங்கத்தின் தலைவர் ஊரில் வரலாறு படிப்பித்தவர். எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உடனே ஒன்றியத்துக்குக் கோரிக்கை மனுவாக ஒரு மகஜர் எழுதத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் எழுதும் மகஜர் எதுவும் தமிழ் அரசர்களுக்குப் பிந்தித் தொடங்கியதை நான் கண்டதில்லை. பிறகு போர்த்துக்கேயர் வருவார்கள், ஒல்லாந்தர் வருவார்கள், ஆங்கிலேயர் வந்து இரண்டு இராச்சியங்களை ஒன்றாகக் கட்டுவார்கள், அரசியல் யாப்புகள் வரும், கிழிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் வரும். கேட்க வந்ததைக் கேட்கும்போது வாசிக்கிறவர் ஓய்வு பெற்றிருப்பார். இந்த மகஜர் பதினான்கு பக்கம். அந்தப் பெண்ணின் கணவர் பதினான்காம் பக்கத்தில், பின்னிணைப்பு எட்டாக இருந்தார்.

மாஸ்டரின் வீட்டுக்குப் போய் இருந்து சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். சங்கத்தின் செயலாளர் ஹேர்னிங் நகரில் இருந்து கார் ஓட்டி வந்திருந்தார்.

"மாஸ்டர், இவவின்ர விஷயத்தை முதல் பந்தியில போடுங்கோ. ஒரு ஆள், ஒரு பேர், ஒரு அனுமதி இலக்கம். அவையள் செய்யக்கூடியது ஒரு வேலை."

"நீர் பேப்பர்க்காரன். தலைப்புப் போட்டுப் பழகினனீர். இது ஒரு இனத்தின்ர ஆவணம்."

"கப்பல் வந்து நிக்கேக்குள்ள ஆர் மாஸ்டர் ஆவணம் படிக்கிறது?"

"வரலாறு தெரியாதவனுக்கு என்னெண்டு ஐசே விளங்கும், அந்தாள் ஏன் அங்க கிடக்கிறார் எண்டு?"

"காலில ஷெல் துண்டு பட்டுக் கிடக்கிறார் எண்டால் விளங்கும்."

செயலாளர் பக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஒல்லாந்தரைக் கொஞ்சம் குறையுங்கோ மாஸ்டர். அவங்களும் ஒன்றியத்தில இருக்கிறாங்கள்."

மாஸ்டர் இதைத் தீவிரமாக யோசித்து, ஒல்லாந்தரை ஒன்றரைப் பக்கத்தில் இருந்து ஒரு பக்கமாக்கினார். மிஞ்சிய அரைப்பக்கத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்.

அந்தப் பெண் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி சொன்னாள்: "எத்தினையாம் பக்கம் எண்டாலும் பரவாயில்லை மாஸ்டர். அவரின்ர நம்பர் சரியா இருந்தால் காணும்."

நம்பர் சரியாகத்தான் இருந்தது. அதை நானே மூன்று முறை சரி பார்த்தேன்.

கருத்தரங்கு மண்டபத்தில் ஒவ்வொரு கதிரையிலும் ஒரு பேனையும் குறிப்புத்தாளும் வைத்திருந்தார்கள். அதிகாரி உயரமானவர், நல்ல நித்திரை கொண்ட முகம். அவர் திரையில் காட்டிய தாள்களை நான் எண்ணவில்லை, ஆனால் சொற்களை எண்ணினேன். 'ஸ்திரத்தன்மை' முதல் அரை மணித்தியாலத்தில் பத்தொன்பது முறை வந்தது. 'பங்காளிகள்' அதற்கு அடுத்தது. 'சனங்கள்' ஒரு முறை, அதுவும் கடற்கொள்ளைக்காரர் தொடர்பாக. அவருடைய மூலோபாயத்தின் சாரம் எளிமையானது. ஆசியாவில் இருந்து ஐரோப்பாவுக்குக் கொள்கலன்கள் வருகின்றன, அவை தடையின்றி வரவேண்டும். அதற்குக் கப்பல்கள் அனுப்பப்படும், கரையோர அரசுகளின் கடற்படைகளுக்குப் பயிற்சி கொடுக்கப்படும். அந்த அரசுகளில் ஒன்று அந்தக் கிழமையிலும் தன் சனத்துக்கு மேல் ஷெல் அடித்துக்கொண்டிருந்தது. அது பற்றி ஒரு வரி இருந்தது: 'சில கரையோர நாடுகளின் உள்நாட்டுச் சவால்கள் கவனத்துடன் அவதானிக்கப்படுகின்றன.' கம்பனிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் காப்புறுதிக் கட்டணம் குறையுமா என்று மட்டும் அறிய விரும்பினார்.

பிறகு வரைபடம் வந்தது. கடற்பாதைகள் நீல அம்புகளாக ஓடின. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று விளக்கும் வெள்ளைப் பெட்டியை இந்தியாவின் தென்முனைக்குக் கீழே வைத்திருந்தார்கள். இலங்கைத் தீவு முழுவதும் அந்தப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. அம்புகள் பெட்டியின் ஓரத்தைச் சுற்றி வளைந்து போயின. இருபது ஆண்டு பத்திரிகையில் பக்கம் பார்த்தவன் கண்ணுக்கு இப்படியானவை தப்புவதில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பிழை பிடித்தவனின் சந்தோஷம்.

கோப்பி இடைவேளையில் அதிகாரி கேக் துண்டோடு யன்னலோரம் தனியாக நின்றார். அப்போது அவரிடம் போகக்கூடியவன் நான் ஒருவன்தான். மாஸ்டர் கடற்படைக்காரர் ஒருவருக்குச் சோழரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போனேன். போய், அவருடைய வரைபடத்தில் இரண்டு கோடி சனம் வாழும் ஒரு தீவை விளக்கப்பெட்டி மூடிவிட்டது என்று ஆங்கிலத்தில், எடுப்பாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். நல்ல கவனிப்பு என்றார். என்ன தொழில் என்று கேட்டார். பத்திரிகையாளன் என்றேன், பிளாஸ்டிக் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்து சின்னக் கொப்பியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். வரைபடங்கள் பொய் சொல்லும் விதங்களைப் பற்றி இரண்டு பேரும் நாலைந்து நிமிடம் இனிமையாகக் கதைத்தோம். மணி அடித்தது. அவர் மேடைக்குப் போனார்.

அந்தப் பெண் மேலங்கிகள் தொங்கும் இடத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கணவரின் பெயரும் இலக்கமும் எழுதிய துண்டு.

"என்ன அண்ணை சொன்னவர்?"

"இன்னும் கேக்கேல்லை. கேள்வி நேரத்தில கேப்பம்."

அவள் தலையாட்டினாள். அவ்வளவு நேரம் வேறு எதைக் கதைத்தீர்கள் என்று கேட்கவில்லை.

கேள்வி நேரம் இருபது நிமிடம். ஒரு அமைப்புக்கு ஒரு கேள்வி. மாஸ்டர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்து, எங்கள் இராச்சியத்தின் எல்லைகளில் இருந்து தொடங்கினார். போர்த்துக்கேயர் கரையிறங்கும்போது நெறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒல்லாந்தர் வருவதற்குள், கேள்வி என்ன என்று மரியாதையாகக் கேட்டார். மாஸ்டர், கேள்விக்குப் பின்னணி அவசியம் என்றார். ஒலிவாங்கி வாங்கப்பட்டது. அடுத்து ஒரு வணிகர் காப்புறுதி பற்றி மறுபடியும் கேட்டார். அதற்கு நீண்ட விடை கிடைத்தது.

இரண்டு இருபத்தாறுக்கு அந்தப் பெண் எழுந்தாள். ஒலிவாங்கி இல்லை. முதியோர் இல்லத்தில் காது கேளாதவர்களோடு பேசும் டேனிஷ், சின்ன வசனம், உரத்த குரல். "என் கணவர் அங்கே இருக்கிறார். காலில் காயம். டென்மார்க்கின் அனுமதி அவரிடம் இருக்கிறது. வியாழக்கிழமை ஒரு கப்பல் வரும். அவருக்காக ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பீர்களா?"

என் தொழில் வாழ்க்கையில் அதைவிடத் திருத்தமான முதல் பந்தியை நான் கேட்டதில்லை. அதை நான் குறிப்புத்தாளில் எழுதிக்கொண்டேன் என்பதையும் சொல்லவேண்டும். எழும்பி அவளுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, எழுதினேன்.

அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் முகம் உண்மையாகவே வாடியது. தனிநபர் விவகாரங்கள் இந்த மூலோபாயத்தின் எல்லைக்குள் வருவதில்லை என்றும், ஒன்றியம் தன் மனிதாபிமானக் கவலையை உயர்ந்த மட்டத்தில் தெரிவித்திருக்கிறது என்றும் சொன்னார். இரண்டரைக்குக் கைதட்டல் எழுந்தது. அவருடைய உதவியாளர் இறங்கி வந்து மாஸ்டரின் பதினான்கு பக்கத்தை வாங்கினார். அந்தப் பெண்ணின் துண்டையும் வாங்கி, தொலைந்துவிடக் கூடாது என்று பதினான்காம் பக்கத்துக்குப் பின்னால் வைத்து ஊசி குத்தினார்.

காரில் வரும்போது மாஸ்டர் சொன்னார்: "எண்டாலும் கை தட்டினவங்கள்."

"அது நேரத்துக்கு முடிஞ்சதுக்கு, மாஸ்டர்," என்றார் செயலாளர்.

வியாழக்கிழமை கப்பல் வந்ததா என்று எங்களுக்கு இரண்டு நாள் தெரியவில்லை. வந்திருந்தது. காயக்காரரை இறக்கிய ஊரில் அவளுடைய உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இல்லை. பிறகு கப்பல் நின்றது. பிறகு போரும் முடிந்தது. முகாம்களில் தேடியாகிவிட்டது. தடுப்புக் காவலில் இருப்பவர்கள் என்று வெளியே வந்த பெயர்களிலும் தேடியாகிவிட்டது. இறந்தார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. அந்த நாட்களில் ஒன்றியத்தில் இருந்து மாஸ்டருக்குப் பதில் வந்தது. 'பெறுமதியான வரலாற்றுப் பின்னணிக்கு' நன்றி தெரிவித்திருந்தார்கள். மாஸ்டர் அதைப் பிரதி எடுத்துச் சங்கத்தாருக்குக் கொடுத்தார்.

அடுத்த வருடம் குடிவரவு அலுவலகத்தில் இருந்து அந்தப் பெண்ணின் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது, கணவரின் பெயருக்கு. நீண்ட காலம் நாட்டில் இல்லாததால் அவருடைய வதிவிட அனுமதி இழக்கப்படவுள்ளது. ஒன்றியத்தின் மதிப்பீட்டின்படி அந்தப் பிரதேசத்தில் மோதல் முடிந்து, தரையும் கடலும் திறந்து, ஸ்திரத்தன்மை திரும்பியிருப்பதால் அவர் டென்மார்க் திரும்புவதற்குத் தடை எதுவும் தெரியவில்லை. ஆட்சேபம் இருந்தால் இரண்டு கிழமைக்குள் அனுமதி பெற்றவர் தன் சொந்தக் கையொப்பத்துடன் எழுதவேண்டும்.

அவள் அதையும் இன்னொரு தாளையும் கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் திரும்ப அரசரில இருந்து துவங்குவார்."

தாளில் அவளே டேனிஷில் நான்கு வசனம் எழுதியிருந்தாள். 'எனக்குத் தாமதமாகிவிட்டது. காலில் காயம். எந்த நாளில் வருவேன் என்று இன்னும் சொல்ல முடியாது. என் இடத்தைத் தயவுசெய்து வைத்திருங்கள்.'

"இது அவர் எழுதினமாதிரி எல்லோ இருக்கு."

"ஓம். அவரின்ர கையெழுத்துத்தான் வேணுமாம்."

"பிள்ளை, இது குற்றம்."

"தெரியும் அண்ணை. டேனிஷ் பிழையோ எண்டு மட்டும் பாருங்கோ."

பிழை இருக்கவில்லை. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இருக்கவில்லை. அவள் கலியாணப் பதிவின் பிரதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு கடை விளம்பரத்தின் பின்பக்கத்தில் அவருடைய கையொப்பத்தை நான்கு தரம் எழுதிப் பார்த்தாள். ஐந்தாவதைக் கடிதத்தில் இட்டாள். நான் அந்த மேசையில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பதில் வந்தது. தாமதத்துக்கான காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அனுமதி நீடிக்கப்பட்டிருந்தது. நாடு திரும்பியதும் ஐந்து நாளுக்குள் நகரசபைக்கு நேரில் சென்று முகவரியைப் பதியவேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

அவள் படிக்கட்டில் நின்றபடியே அதை இரண்டு முறை வாசித்தாள்.

"அஞ்சு நாள் காணுமோ அண்ணை, அவருக்கு நடக்க ஏலாட்டி?"

காணும் என்று சொன்னேன்.