காயாத கல்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுகிற ஆள். மன்னாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் பெயின்ற் விற்கிறேன். எது எப்போது காயும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கல் மாதக்கணக்காகக் காயவேயில்லை.

கல் என்றால் உண்மையான கல் இல்லை. உப்புக்குளத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பாறைக் குகைக் கெபி மாதிரிக் கீறித் தரச்சொல்லி அம்மா தம்பி ஜெறோமைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவனுக்கு அதில் நல்ல கை. சாம்பல் நிறம் அடித்து, அதன்மேல் ஸ்பொஞ்சால் வெள்ளையும் கறுப்பும் ஒற்றி, கல்லுக்குக் கல் நிழல் வைப்பான், தொட்டுப் பார்த்தால்தான் சுவர் என்று தெரியும். கடைசிக் கல்லுக்குச் சாம்பல் மட்டும் அடித்த கையோடு, கடலுக்குப் போக வள்ளத்துக்கு ஆள் காணாது என்று சிநேகிதன் வந்து கூப்பிட்டான். "ஈரம், தொட்டுப்போடாதேங்கோ அம்மா" என்றுவிட்டுப் போனான். இருவரும் வரவில்லை. வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

மற்றக் கற்கள் அடுத்த நாளே காய்ந்துவிட்டன. அது மட்டும் விரலில் ஒட்டியது. உப்புக் காற்று என்றேன், எண்ணெய் கூடிவிட்டது என்றேன், மின்விசிறியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன், கச்சான் காற்று அடித்து ஓய்ந்த பிறகும் ஒட்டியது. அம்மா காலையில் செபம் சொல்லி முடித்து அதைத் தொடுவார், விரலைப் பார்ப்பார், பிறகுதான் தேத்தண்ணி வைப்பார்.

உடல் கிடைக்காவிட்டாலும் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று பங்குச் சுவாமி வந்து சொன்னார். அவர் போன பிறகு நானும் சொல்லிப் பார்த்தேன், அம்மா அசையவில்லை.

"ஈரம் காயேல்லைப் பிள்ளை. அவன் இப்பதான் எழும்பிப் போயிருக்கிறான். அதுக்குள்ள செத்தவனெண்டு பூசை வைக்கச் சொல்லுறியோ?"

"இப்படியே இருந்தா எனக்கு நீங்களும் இல்லாமப் போயிருவியள் அம்மா" என்று நான் அழுதேன். என் அழுகைக்காகத்தான் ஒத்துக்கொண்டார், நம்பி அல்ல. கோயிலுக்குப் புறப்படும்போதும் தொட்டார். விரலில் சாம்பல் நிறம் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். வீட்டைப் பூட்டித் திறப்பை நான்தான் வைத்திருந்தேன்.

பூசை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரடிக்குப் போனார். தொட்டார். திரும்பவும் தொட்டார். விரலில் ஒன்றும் இல்லை.

"காய்ஞ்சிட்டுதுப் பிள்ளை" என்றார். "அனுப்பிப்போட்டம்."

அதன்பிறகு அம்மா அந்தச் சுவர்ப் பக்கமே போவதில்லை. செபத்தையும் குசினியில், அடுப்புப் பக்கத்தில் இருந்து சொல்கிறார்.

ஆனால் அழுகையில் அம்மா கவனிக்காத ஒன்று இருக்கிறது. அத்தனை மாதம் அவர் தொட்ட கல், விரல் தடத்தோடு அல்லவா காய்ந்திருக்க வேண்டும்? பெயின்ற் விற்கிற எனக்கு இது தெரியாதா? ஒரு தடமும் இல்லை. வெள்ளையும் கறுப்பும் ஒற்றி, அடியில் நிழலும் வைத்து, கல் முடிந்திருக்கிறது. இதை நான் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், ஜெறோம் வந்த நேரம் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லையே என்று கேட்பார்.