நேர்ந்துவிட்ட சேவலுக்கு ஏலம்

ஏற்காட்டு ஏரி வற்றி, போட்டுகள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? சீசனுக்கு வந்த ஜனங்கள் போட்டில் ஏறி உட்கார்ந்து போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போனார்களே... அந்த வருஷம்தான். இல்லை, அதற்கு அடுத்த வருஷம் என்பாள் என் மனைவி. எங்கள் எருமை செத்ததும் ஏரி வற்றியதும் இந்தச் சேவல் ஏலமும் ஒரே கோடை. எருமை விஷயத்தில் எனக்கு ஞாபகம் தப்பாது.

எருமை கதை பெரிய கதை. அது கிடக்கட்டும். சேவலுக்கு வருகிறேன்.

சீசனுக்கு முன்னால் டவுன் ஆபீஸிலிருந்து தண்டோரா போட்டார்கள். ஊர் நடுவில் ஒண்டிக்கடை முக்கைச் சுற்றியுள்ள தெருக்களில் இனிமேல் கோழிகளைத் திறந்து விடக் கூடாது. நாய்க்குக் கழுத்துப் பட்டை வேண்டும். மீறினால் பிடித்துப் போவார்கள். அபராதம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். மீட்காவிட்டால் சனிக்கிழமை ஏலம்!

ரூலில் குற்றம் சொல்ல முடியுமா? டூரிஸ்ட் பஸ்ஸுக்குள் ஏறிய கோழி ஒன்று, ஒரு அம்மாளின் புதுப் பைக்குள் முட்டையிட்டது என்று கூடச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. அதற்காக நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

என் மனைவி பழனியம்மா சட்டத்துக்குப் பயந்தவள். தண்டோராச் சத்தம் அடங்குவதற்குள் எல்லாக் கோழிகளையும் பஞ்சாரத்தைப் போட்டு மூடிவிட்டாள். ஒன்றைத் தவிர.

அது ஒரு செவலைச் சேவல். எங்கள் வாசலில் வளர்ந்தாலும் எங்களுடையது இல்லை... மலைக்கோயில் சாமியுடையது. எங்கள் மகள் செல்விக்கு அதுவரை பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லை. அவள் மறுபடி உண்டானபோது, 'இந்தத் தடவை தாயையும் பிள்ளையையும் காப்பாத்து, வைகாசித் திருவிழாவுக்கு இந்தச் சேவலைக் கொண்டாந்து விடறேன்' என்று பழனியம்மா நேர்ந்துகொண்டாள்.

நேர்ந்துவிட்டதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. கட்டக் கூடாது, விற்கக் கூடாது, கூடை போட்டு மூடவும் கூடாது. அது பாட்டுக்குத் தெருவில் மேயும். கடைக்காரர் ராகியைக் கொத்தினாலும், "போ சாமி" என்று கையால் ஒதுக்கி விடுவாரே தவிர, கல்லெடுக்க மாட்டார்.

ஊருக்கு இது தெரியும். ரூலுக்குத் தெரியுமா?

அந்தச் சேவலும் சும்மா இருக்கவில்லை. எங்கெங்கோ இடமிருக்க, டவுன் ஆபீஸ் மதில்மேல் ஏறி நின்று கூவியது. பிடித்துப் போனது யார் என்கிறீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டு சவரிமுத்து! ஆபீஸில் சானிட்டரி மேஸ்திரி.

"ஏனப்பா சவரி, நம்மூட்டுச் சேவல்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"தெரியாம என்னங்ணா? ஆபீசர் ஜன்னல்லயே நின்னு பாத்துட்டு இருந்தாருங்க. உங்க சேவலுக்குக் கூவறதுக்கு வேற மதிலே கெடைக்கலீங்களா?"

சரி, அபராதத்தைக் கட்டித் தொலைக்கலாம் என்று சட்டையை மாட்டினேன். பழனியம்மா வாசலில் வந்து குறுக்கே நின்றாள்.

"காசு குடுத்துக் கொண்டாந்தா அது வாங்குன சேவலுங்க. நேந்த சேவல் இல்ல."

"அப்ப வேற ஒண்ண விட்டுக்கலாம் புள்ள."

"இதுதான்னு சாமிக்குக் காட்டியாச்சு. மாத்திக் குடுக்கறதுக்கு அது என்ன மளிகைக் கடையா?"

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். இதற்கு நடுவில்தான், செல்விக்கு வலி வந்து சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா உறுதியாக ஒன்றும் சொல்லவில்லையாம். பழனியம்மா அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "அது இங்க அடைபட்டுக் கெடக்கறப்ப நான் எங்க வர்றது?" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீசரிடம் போனேன். மலைக்குக் கீழேயிருந்து புதிதாக வந்தவர், சின்ன வயசு. கோபக்காரர் இல்லை.

"பெரியவரே, அபராதம் கட்டினா இந்த நிமிஷமே தந்துடறேன். சும்மா தர ரூல்ல இடமில்ல. இன்னைக்கு இதை விட்டா, நாளைக்கு ஒண்டிக்கடைல இருக்கற அத்தனை கோழியும் சாமிக் கோழி ஆயிடும்."

அவர் சொன்னதும் நிஜம்தானே! நம் ஜனத்தை எனக்குத் தெரியாதா?

சனிக்கிழமை வந்தது. ஆபீஸ் வாசலில் திருவிழாக் கூட்டம். ஜீப் டிரைவர்கள், டீக்கடை முருகேசன், மஞ்சக்குட்டை பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சவரிமுத்து சேவலைத் தூக்கிப் பிடித்தான். ஆபீசர் ஒரு விலை சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. குறைத்துச் சொன்னார். ஒருத்தரும் இருமக்கூட இல்லை.

"ஏன்யா, யாருக்கும் வேண்டாமா?"

"கொழம்பு வெச்சா தொண்டைல எறங்காதுங்க சார்," என்றார் முருகேசன்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். லாட்ஜில் தங்கியிருந்த வெளியூர்க்காரர். கழுத்தில் மஃப்ளர், கையில் பர்ஸ். "நாட்டுச் சேவலா? எனக்குக் கொடுங்க சார்!"

பழனியம்மா அந்த மனிதரின் பர்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து சேவலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். "எடுத்துக்குங்க சார். நொம்ப நல்ல சேவலுங்க. அந்தா நிக்கறாங்களே, அந்தம்மா மக பிரசவத்துக்கு நேந்து உட்டதுங்க. அந்தப் புள்ள இப்ப ஆஸ்பத்திரிலதானுங்க கெடக்குது."

பர்ஸ் பாதி திறந்தபடி நின்றது. ஓரமாக நின்ற காருக்குள்ளிருந்து அவர் மனைவி, "என்னங்க, வேண்டவே வேண்டாம்... வாங்க இப்படி!" என்று கத்தினார். மனிதர் பர்ஸை மூடி, சேவலுக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆபீசர் தலையைச் சொறிந்தார். விலை போகாததை டவுன் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விடலாம்... அதுதான் ரூல். "எங்கய்யா விடறது?"

"தண்ணி டேங்க் பாக்க நம்ம ஜீப்பு மேல போகுதுங்க சார். தலைச்சோலைல எறக்கி உட்டர்லாமுங்க," என்றான் சவரிமுத்து, எங்கோ பார்த்துக்கொண்டு.

தலைச்சோலை பழனியம்மா பிறந்த ஊர். அவள் அண்ணன் வீட்டு வாசலில் எந்த ஆபீஸ் ரூலும் கிடையாது. திருவிழா வரை இஷ்டத்துக்கு மேயலாம். ஆபீசர் சவரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லைக்கு வெளியன்னா சரிதான்," என்றார். சேவல் கவர்ன்மென்ட் ஜீப்பில் முன்சீட்டில் போனது. எனக்கு அந்த பாக்கியம் இன்றுவரை கிடைக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். "பெரியவரே, உங்க பொண்ணு...?"

"இன்னும் ஒண்ணும் தெரியலீங்க."

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

சாயங்காலம் சேலம் பஸ் ஏரி முனையில் திரும்பும்போதே கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்: "பழனியம்மக்கோவ்! பேத்தி பொறந்திருக்குது! ரெண்டு உசுரும் சொகம்!"

பழனியம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள். முருகேசன் கொடுத்த டீயையும் பன்னையும் வாங்கிச் சாப்பிட்டாள். வைகாசியில் சேவல் கோயில் சேர்ந்தது.

ரூல் போட்டவர் கெட்டவர், மீறியவர் நல்லவர் என்று கதை சொல்வது சுலபம். இங்கே யார் ரூலை மீறினார்கள், சொல்லுங்கள்? ஒருத்தரும் இல்லை. ஊர் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மறுநாளே பழனியம்மாவோடு சேலத்துக்குப் போய்விட்டேன். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தில் சில நாள் அங்கேயே தங்கிவிட்டேன். திரும்பி வந்து, சேதி சொல்ல ஆபீஸுக்குப் போனால், ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது, ஏற்காட்டில் சேவலை ஏலம் போட்டு, அது விலை போகாமல் தலையைச் சொறிந்த அந்த ஆபீசரைத் தெரிந்தால், தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்... தாயும் பிள்ளையும் சுகம்.