காட்டுவதற்கு ஒரு லாம்பு

இத்ரூஸ் நானாவுக்குக் கோபம் வந்தால் முதலில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார். எங்கள் கிராமசபையில் அந்தத் தொப்பி மேசைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு வேறு அலுவல் எதுவும் நடக்காது. நான் அந்தச் சபையில் கிளாக்கராக இருந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மாத்தளைக்கும் பலாபத்வலைக்கும் இடையில் ஓர் ஒழுகல் கட்டடத்தில் பல வருடம் குப்பை கொட்டினேன். அந்தக் காலத்தில் எனக்குத் தலையிடி தந்தவர்களில் முதல் ஆள் இத்ரூஸ் நானாதான். ஆனாலும் ஊரில் யாராவது அவரைப் பைத்தியம் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். யட்டவத்தைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சைக்கிளில் போய், கண்ணெதிரே நிறுத்து, சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். நெட்டையான மெலிந்த ஆள். மிளகில் ஒரு கல் கிடந்தாலும் கண்டுபிடித்து எடுத்து வெளியே போடுவார். அதே போல விற்றவனுக்கு ஒரு சதம் குறைத்துக் கொடுத்துவிட்டதாக வழியில் ஞாபகம் வந்தால், திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். முட்டையில் மயிர் பிடுங்குகிறவர் என்று சனம் சொல்லும். அது உண்மைதான், ஆனால் தன் முட்டையிலும் பிடுங்குவார்.

எல்லாம் அறுபத்தோராம் வருடம் ஒரு வழக்கில் தொடங்கியது. லாம்பு இல்லாமல் சைக்கிள் ஓடியதற்காக நானாவைப் பொலிஸ் பிடித்துவிட்டது. அதே குற்றத்துக்கு அன்று கூண்டில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் லொறி முதலாளி ஒருவரின் மகன், புத்தம் புது ரலி சைக்கிள்காரன். மற்றவன் முதியான்சே. யட்டவத்தைக்கு அப்பால் ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டு, சைக்கிளில் கட்டி மாத்தளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவன். நீதவான் தலையை நிமிர்த்தவில்லை. ஆளுக்கு ஐந்து ரூபாய் தண்டம், கட்டத் தவறினால் ஏழு நாள் மறியலில் கிடக்க வேண்டும்.

லொறிக்காரர் மகன் சட்டைப் பையில் இருந்து நோட்டை எடுத்து எறிந்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டான். நானா மடியைத் தடவித் தடவிக் கட்டினார். அதற்கு மேல் அவரிடம் சதமும் இல்லை. முதியான்சே மறியலுக்குப் போனான். அவனுடைய கீரைக் கட்டுகள் சைக்கிளோடு வாசலில் கிடந்து வெயிலில் வாடின. நானா அவற்றைச் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போய் விற்று, அந்தக் காசையும் சைக்கிளையும் முதியான்சேயின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் சைக்கிள் வரி கட்டும் சாட்டில் என்னிடம் வந்தார். அப்போது அவர் உறுப்பினர் இல்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றி என் மேசையில்தான் வைத்தார்.

"மூணு பேருக்கும் ஒரே தெண்டமாம், கிளாக்கர் ஐயா. அந்தப் பொடியனுக்கு அது ஒரு சிகரட் டின். எனக்கு ரெண்டு நாள் யாவாரம். முதியான்சேக்கு ஏழு நாள் மறியல். இது என்ன நாயம்?"

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் ஒண்டுதானே, நானா" என்றேன்.

"ஒண்ணா ஈந்தா மூணு பேரும் மறியலுக்குப் போயிருக்கணும். இல்லாட்டி மூணு பேரும் தேத்தண்ணி குடிச்சிருக்கணும்."

யானைக்கும் பானைக்கும் சரி என்ற கதையாகத்தான் இருந்தது. எரிச்சலில் வரிப் புத்தகத்தை இழுத்து ரசீது எழுதினேன்.

அடுத்த தேர்தலில் அவர் நின்றார். பாலம் போடுவேன், குழாய் போடுவேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள்காரனுக்கு நியாயமான தண்டம், அவ்வளவுதான் பேச்சு. சனம் சிரித்துக்கொண்டே அவருக்குப் புள்ளடி போட்டது. வென்ற கையோடு செய்த முதல் வேலை, தன் சைக்கிளுக்கு ஒரு டைனமோ லாம்பு பூட்டியதுதான். சபைக்குச் சைக்கிளில் வருகிற உறுப்பினர் அவர் ஒருவர்தான். தலைவர் காரில் வருவார்.

கூட்டத்துக்குக் கூட்டம் இதே கூத்து. ஆளின் வசதியைப் பார்த்துத் தண்டம் போடும்படி நீதவான் கோட்டுக்குச் சபை எழுத வேண்டும் என்பார் நானா. தண்டம் போடுவது நம் வேலையே இல்லை என்று நான் சட்டப் புத்தகத்தை விரித்துக் காட்டுவேன். தலைவர் ஒருநாள், "வசதியை எப்படி அளக்கிறது இத்ரூஸ் முதலாளி? ஆளின் சாரத்தைத் தடவிப் பார்க்கிறதா?" என்று கேட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தொப்பி மேசைக்கு வந்தது. வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வியையே சொல்லிச் சொல்லிப் பொருமினாராம். அவருடைய மனைவி ஸரீனா ராத்தா பிறகு எங்கள் வீட்டுக்காரியிடம் சொல்லி அலுத்துக்கொண்டா.

கடைசியில் பொலிஸ் சார்ஜன்தான் ஒரு வழி சொன்னார். சைக்கிள் வழக்குகளுக்காகக் கோட்டில் கால்கடுக்க நிற்பதில் அவருக்கும் வெறுத்துப் போயிருந்தது. லாம்பு இல்லாமல் பிடிபடுகிறவன் ஒரு கிழமைக்குள் நல்ல லாம்பு ஒன்று பூட்டிக் கொண்டுவந்து பொலிஸில் காட்டினால் வழக்கு இல்லை, காட்டாதவனுக்குத்தான் கோடு. சபை இப்படிக் கேட்டு எழுதினால் தான் நடத்தித் தருவதாகச் சொன்னார். நானா முகம் மலர்ந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"தெண்டச் சல்லி கோட்டுக்குப் போகாது. லாம்பா அவனவன் சைக்கிள்லயே நிக்கும். எழுதுங்க ஐயா."

எழுதினேன். தொல்லை விட்டால் போதும் என்று தலைவரும் கையெழுத்துப் போட்டார். ஊரில் அதை 'இத்ரூஸ் சட்டம்' என்றார்கள். அவர் வாழ்நாளில் பொதுக் காரியமென்று சாதித்தது அது ஒன்றுதான். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவர் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

சில மாதம் கழிந்தது. சார்ஜன் ஒருநாள் சபைக்கு வந்து, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நானா, உங்க சட்டம் நல்லா வேலை செய்யுது. பிடிபட்டவங்க எல்லாரும் லாம்பு கொண்டுவந்து காட்டுறாங்க. ஒரே லாம்பு."

"ஒரே மாதிரி லாம்பா?"

"ஒரே மாதிரி இல்ல நானா. ஒரே லாம்பு. வலது பக்கம் நசுங்கினது, பச்சைப் பெயின்ட் அடிச்சது. எனக்கே அதுல பாசம் வந்துட்டுது."

அந்தப் பச்சை லாம்பு தொங்கிக்கொண்டிருந்த இடம் நானாவின் மச்சான் ரவூபின் சைக்கிள் கடை. ஸரீனா ராத்தாவின் உடன்பிறந்த தம்பி ரவூப். பிடிபட்டவன் இருபத்தைந்து சதம் கொடுத்தால், லாம்பைப் பூட்டிவிடுவான். அவன் போய்க் காட்டிவிட்டு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டுவான். நானா கடைக்குள் போய்ப் போட்ட சத்தம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கேட்டது.

ரவூப் கையில் இருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சான், காட்டணும்னுதானே சட்டம். வச்சிருக்கணும்னு நீங்க எழுதலியே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. எழுதியவன் நான். 'வைத்திருக்க வேண்டும்' என்று ஒரு சொல் சேர்த்துத் திருத்தலாம் என்று தலைவரிடம் போனோம். "இன்னொரு முறை அந்தப் பேச்சை எடுத்தால், திருத்த மாட்டேன், முழுவதையும் எடுத்து வீசுவேன்" என்றார் அவர். அவருக்கு அது ஒரு சனியனாகத்தான் இருந்தது. நானா வாயை மூடிக்கொண்டார். பெருநாளுக்கும் மச்சான் வீட்டுக்குப் போகவில்லை. ஸரீனா ராத்தா தம்பி பக்கம் நின்றதால் தன் வீட்டிலும் பேச்சில்லை.

இந்த நிலையில்தான் அந்த விபத்து நடந்தது. பள்ளியில் மஹ்ரிப் பாங்கு சொல்லி முடிந்து இருட்டிவிட்ட நேரம். நானா கொக்கோச் சாக்கோடு பலாபத்வலை ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மேலே இருந்து லாம்பில்லாத ஒரு சைக்கிள் வந்து நேராக மோதியது. கால் முறிந்துவிட்டது. மோதியவனே அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஒரு லொறியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அவன் முதியான்சே.

காலையில் நான் போனபோது கட்டிலடியில் அவன் குந்திக்கொண்டிருந்தான். நானா படுத்தபடியே அவனைச் சிங்களத்தில் திட்டிக்கொண்டிருந்தார். வலியை விட அவமானம் பெரிதாக இருந்தது அவருக்கு. போன மாதம் முதியான்சேயும் பிடிபட்டு, ரவூபின் பச்சை லாம்பைக் காட்டியவன்தானாம்.

"ஒனக்காகத்தானே அந்தச் சட்டத்தக் கொண்டுவந்தேன். ஒரு லாம்பு வாங்கினா ஒனக்கு என்ன கொள்ளை?"

முதியான்சே தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "முதலாளி, கோட்டில் தண்டம் ஐந்து ரூபாய். கடையில் லாம்பு பதினான்கு ரூபாய். உங்கள் தண்டம்தான் பெரிசு."

நானாவின் கை தலைக்குப் போனது. தொப்பி அங்கே இல்லை.

இத்தனை கூட்டம், இத்தனை சண்டை, இத்தனை கடதாசி. லாம்பு என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லையே. வெளிநாட்டுச் சாமானுக்குத் தடை வந்த பிறகு அந்த விலை ஏறிக்கொண்டே போனது. காரில் வருகிறவர்களுக்கு அது தெரியாது, எனக்கும் தெரியாது. நானாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அதைத் தண்டமாக நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

பிற்பகல் சார்ஜன் வாக்குமூலம் எழுத வந்தார். கூடவே தலைவரும் தோடம்பழப் பையோடு வந்தார். "லாம்பில்லாமல் வந்து மோதினான் என்று சொல்லிவிடுங்கள் முதலாளி. அவனைக் கோடு பார்த்துக்கொள்ளும். அந்தச் சட்டத்தையும் அடுத்த கூட்டத்தில் முடித்துவிடலாம், உங்களுக்கும் நிம்மதி" என்றார். முதியான்சே எழுந்து கதவோரம் போய் நின்றான். அவனுக்கு மறியல் புதிதில்லை. ஆனால் இந்த முறை ஏழு நாளோடு போகாது என்று அவனுக்கும் தெரியும்.

நானா முகட்டைப் பார்த்தபடி சொன்னார்: "எழுதுங்க சார்ஜன். அவன்ட லாம்பும் எரியல்ல, என்ட லாம்பும் எரியல்ல."

"உங்களுக்கு டைனமோ இருக்குதானே நானா?"

"ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போனா டைனமோ எரியுமா? ரெண்டு பேரும் இருட்டுலதான் வந்தோம். எழுதுறதுன்னா எனக்கும் கேஸ் எழுதுங்க. இல்லாட்டி ஒருத்தருக்கும் எழுதாதீங்க."

கால் முறிந்த சபை உறுப்பினர் மேல் வழக்கு எழுத எந்தச் சார்ஜனுக்கும் மனம் வராது. அவர் பேனையை மூடினார். தலைவர் தோடம்பழத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சட்டம் பிழைத்துக்கொண்டது.

கால் பிழைக்கவில்லை. பொருந்தியபோது கட்டையாகிவிட்டது, இனிச் சைக்கிள் ஓட முடியாது என்றார்கள். மிளகு வியாபாரம் அதோடு போயிற்று. வீட்டு முன்னறையில் ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்தார். சைக்கிளை விற்பதற்கு முன் அந்த டைனமோ லாம்பைக் கழற்றி என் கையில் தந்து, முதியான்சேயிடம் கொடுக்கச் சொன்னார். "காட்டுறதுக்கு இல்ல, ஓடுறதுக்குப் பூட்டட்டும். வித்துத் தொலைச்சிராதேன்னு அவன்ட்ட செல்லுங்க" என்றார்.

அவன் விற்கவில்லை. சார்ஜன்தான் வந்து சிரித்துக்கொண்டு சொன்னார், "நானாட லாம்பு இப்ப கிழமைக்கு நாலு தரம் பொலிஸுக்கு வருது. ரவூபுட பச்சை லாம்பக் கண்டே கன நாள்" என்று.

நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வேறு யாராவது சொன்னால் அந்த மனிசன் தனியே கோபப்பட்டு விழுந்து சாவார் என்று பயம். நானே சொல்லி, பஸ்ஸில் அவரோடு மாத்தளைச் சந்தைக்குப் போனேன். முதியான்சே அங்கே பூசணிக்காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தான். நானா பொல்லை ஊன்றி நின்று, தொப்பியைக் கழற்றி ஒரு பூசணிக்காய் மேல் வைத்தார்.

"வாடகைக்கு விடவா தந்தேன்?"

முதியான்சே வெட்கப்படவில்லை. "ரவூப் முதலாளி மாதிரி எல்லோரிடமும் ஒரே வாடகை நான் வாங்குவதில்லை, முதலாளி. லொறிக்காரர் மகன் வந்தால் இரண்டு ரூபாய். தோட்டத்து ஆள் என்றால் ஒரு தேத்தண்ணி. ஒன்றுமில்லாதவனிடம் ஒன்றுமில்லை."

கூட்டத்தில் தன்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை நானா அவனிடம் கேட்டார். "வசதிய எப்பிடி அளக்குற?"

"சைக்கிளைப் பார்த்தால் தெரியாதா?"

"அப்ப இருட்டுல நீ எப்பிடிப் போற?"

"லாம்பு வெளியே போன நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். முதலாளி அன்றைக்கு வந்த மாதிரி."

நானா பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் கேட்ட நாயமான தெண்டம் நாட்டுல ஒரு எடத்துல ஈக்கு, கிளாக்கர் ஐயா. அத வாங்குறவன் கள்ளன்."

பஸ் வந்தது. ஏறப்போகும்போதுதான் அவருடைய தலையைப் பார்த்தேன். தொப்பியை அவர் பூசணிக்காய் மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அந்த பஸ்ஸைப் போகவிட்டு, நான் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் அதைப் போடாமல் மடியில் வைத்துக்கொண்டார்.