டிசம்பர் இருபத்தாறும் எங்கள் அப்பாவும்

எங்கள் அப்பா கீரப்பாளையத்தில் பிறந்தவர். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டதால், வயல் வேலைக்குப் போய்க்கொண்டே படித்து, சிதம்பரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார். தினமும் கரும்பலகையின் மூலையில், இதே தேதியில் உலகில் என்னென்ன நடந்தது என்று எழுதிப் போடுவார். ஒருநாள் எழுத மறந்தால், “சார், இன்னிக்கு ஒண்ணுமே நடக்கலியா?” என்று பிள்ளைகள் கேட்பார்களாம்.

நான் பிறந்தது கடலூரில், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில். என்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அம்மாவின் தம்பி வழக்கம்போல் கிரிக்கெட் ஆட தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

அதன்பின் எங்கள் வீட்டில் டிசம்பர் இருபத்தாறு என்றால் மாமாவின் படத்துக்கு மாலை மட்டும்தான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், “எனக்கு மட்டும் ஏம்ப்பா பொறந்தநாளே வரல?” என்று கேட்டேன். அங்கிருந்த அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, “மாமன முழுங்கிட்டுப் பொறந்தவளுக்குப் பொறந்தநாளு ஒண்ணுதான் கொறச்சல்” என்றார். தம்பியை இழந்த துக்கம் அவரை அப்படிப் பேச வைத்தது. இதை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் பெரியம்மாதான்.

அப்பா குரலை உயர்த்தவில்லை. “அண்ணி, ரேடியம் கண்டுபிடிச்சத உலகத்துக்குச் சொன்னதும் இதே தேதிதான். சோவியத் நாடு இல்லாம போனதும் இதே தேதிதான். ஒண்ணால ஒண்ணு நடக்கல. மச்சான் போனது எனக்கும் ஆறல. அதுக்கு இந்தப் புள்ள என்னா பண்ணும்?”

அந்த ஆண்டு டிசம்பர் இருபத்தாறு காலையில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் மாமாவுக்குப் பூப்போட வைத்தார். மாலையில் கேக் வாங்கி வந்தார். அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா வற்புறுத்தவும் இல்லை. ஆண்டுதோறும் அப்படியே செய்தார். ஒரு வருஷம் மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மா தானாக வந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்பா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பணி ஓய்வு பெற்ற சில நாட்களிலேயே அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. டயாலிசிஸ் படுக்கையிலும் அன்றைய தேதியின் கதையை நர்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எந்நேரம் கூப்பிட்டாலும் வண்டியோடு வந்த பக்கத்து வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், கடைசிவரை உடனிருந்த பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அப்பாவின் உடலுக்காக மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தோம். இனிப்புப் பெட்டியோடு வந்த ஓர் இளைஞர், எங்கள் அழுகையைக் கண்டதும் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “என்னா புள்ள தம்பி?”

“பொண்ணும்மா. மன்னிச்சுக்குங்க, தெரியாம வந்துட்டேன்.”

“எதுக்குப்பா மன்னிப்பு? உனக்கு இது நல்ல நாளு. குடு.”

ஒரு லட்டை வாங்கி, பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார் அம்மா.