வீரணன் நேர்ந்துவிட்ட கிடா

எங்கள் ஒக்கூர் சடுகுடு அணி என்றால் அந்தக் காலத்தில் ஏழு ஆட்டக்காரர்கள், ஒரு ரசிகர், ஒரு கிடா. ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் மிலிட்டரிக்குப் போவான், இன்னொருவன் கல்யாணம் கட்டிக்கொண்டு மாமனார் ஊரோடு போய்விடுவான். ரசிகரும் கிடாவும் மட்டும் எட்டு வருஷம் மாறவே இல்லை. அந்த ரசிகர் வீரணன். எனக்கு மாமன் முறை. கிடாவின் கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். சொல்லுகிற பயல்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. ஆகவே, அதைக் கெடுத்தவனே சொல்லிவிடுகிறேன்.

வீரணன் மாமா கிணறு வெட்டுகிறவர். அடியில் நின்றுகொண்டு மேலே மண்கூடைக் கயிறு இழுப்பவனுக்குக் கத்திக் கத்தியே அவருக்குத் தொண்டை அகன்றுவிட்டது. கண்மாய்க்கு இந்தக் கரையில் அவர் இருமினால் அந்தக் கரையில் கொக்கு பறக்கும். சின்ன வயதில் ஒரே ஒரு தடவை சடுகுடு ஆடினாராம். முதல் தடவை பாடிப் போனதிலேயே நாலு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள். அதோடு கரையேறியவர்தான். அதற்குப் பிறகு கோட்டுக்கு வெளியே நின்றே எங்கள் ஏழு பேருக்கும் சேர்த்து ஆடினார்.

நாட்டரசன்கோட்டையில் தை மாதம் பந்தயம் நடக்கும். நாச்சியப்பச் செட்டியார் தம்முடைய அப்பச்சி நினைவாக வைத்த வெள்ளி சீல்டுதான் பரிசு. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வரும். 1964ஆம் வருஷம் கடைசி ஆட்டத்தில் நாங்கள் உள்ளூர்க்காரர்களிடம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். அன்று சாயங்காலம் ஊர் திரும்பிய மாமா வீட்டுக்குள்கூடப் போகவில்லை. தொழுவத்தில் பிறந்து ஒரு மாதமே ஆன கருப்புக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராகக் கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலில் போய் நின்றார்.

"கருப்பா, நாட்டரசன்கோட்டை சீல்டு எங்க ஊருக்கு வந்துச்சுன்னா இவன் ஒனக்கு."

பூசாரி சின்னக்கருப்பு குட்டியின் காது நுனியைக் கீறி, கழுத்தில் மஞ்சள் துணியும் வெண்கல மணியும் கட்டிவிட்டார். அதோடு அது சாமி சொத்து. நேர்ந்துவிட்ட கிடாவை விற்கக் கூடாது, வேறு எந்த விசேஷத்துக்கும் அறுக்கக் கூடாது, யார் வேலியில் வாய் வைத்தாலும் கம்பெடுத்து அடிக்கக் கூடாது. மாமா அடுத்த தை வரைக்கும்தான் கணக்குப் போட்டிருந்தார். நாங்கள் எட்டு வருஷம் இழுத்தடிப்போம் என்று கருப்பருக்கே தெரிந்திருக்காது.

அடுத்த தை தோற்றோம். அதற்கடுத்த தையும் தோற்றோம். அறுபத்தேழில் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினோம். கிடா மட்டும் வருஷா வருஷம் கொழுத்தது. கொம்பு வளைந்தது, தாடி வளர்ந்தது, பக்கத்தில் போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமாவின் சம்சாரம் அக்கம்மாள் உலர்த்திய சேலையில் பாதியை ஒரு நாள் தின்றுவிட்டது.

"நீங்களும் ஒங்க ஊருப் பயலுகளும் நாசமாப் போக! ஒரு சீல்ட வாங்கித் தொலைக்க வக்கில்ல, எஞ் சீலையில்ல போகுது!" என்று அத்தை தெருவில் நின்று கத்தினாள். அன்றையிலிருந்து கிடாவுக்கு 'சீல்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஆட்டம் எங்கே என்றாலும் சீல்டு வந்துவிடும். விடியுமுன் நாங்கள் ஏழு பேர் முன்னால் நடப்போம், பின்னால் மாமா, அவர் கையில் கயிறு, கயிற்றின் நுனியில் மணியாட்டிக்கொண்டு சீல்டு. நாட்டரசன்கோட்டைக்காரர்கள் ஊர் எல்லையிலேயே கேலியை ஆரம்பித்துவிடுவார்கள். "ஏய், ஒக்கூருக்காரக வாராக. சீல்ட கையோட கொண்டாந்துட்டாகப்பா, நம்ம சீல்டு இவுகளுக்கு எதுக்கு?"

எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமாவுக்குக் கோபமே வராது. "இருங்கடா, இருங்க. திரும்பிப் போறப்ப ரெண்டு சீல்டாப் போகும்" என்பார்.

ஆட்டத்தில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் ஒரு பாயிண்ட் எடுத்ததும் தோள் துண்டை மேலே எறிந்து "ஒக்கூருடா!" என்று ஒரு சத்தம் போடுவார். போட்ட கையோடு மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கிடாவுக்கு ஊட்டிவிட்டு, கொம்புக்கு நடுவில் வறட் வறட்டென்று சொறிவார். அது தலையிலிருந்து வால் வரை உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கும். மணி கலகலவென்று அடிக்கும். போகப் போக, கடலைக்கும் சொறிவதற்கும் அது காத்திருக்கவில்லை. "ஒக்கூருடா!" என்று காதில் விழுந்ததுமே குலுக்கிவிடும். பாடிப் போகிறவன் நான். மூச்சை அடக்கிக்கொண்டு எதிராளியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பும்போது காதெல்லாம் அடைத்துக்கொள்ளும், நடுவர் சொல்வது கேட்காது. மணி கேட்டால் பாயிண்ட். கேட்கவில்லை என்றால் இல்லை. அவ்வளவுதான் என் கணக்கு.

தோற்ற அன்று மாமா ஒரு வார்த்தை திட்ட மாட்டார். மடியில் மிஞ்சிய கடலையை எங்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துக்கொண்டே நடப்பார். அந்தக் கடலையின் மணத்தோடுதான் நாங்கள் எல்லாத் தோல்வியையும் தின்றோம். திட்டெல்லாம் மறுநாள் காலையில் வரும், வீடு வீடாக. "நேத்துத் திட்டியிருந்தா ஒங்களுக்கு ஏறியிருக்காதுடா. இப்பக் கேளுங்க" என்று ஆரம்பித்தால் யார் கால் எங்கே வழுக்கியது, யார் கை எப்போது பிடியை விட்டது என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். பிறகு மூன்று நாள் ஒழுங்காகச் சோறு தின்ன மாட்டார். அத்தை எங்களைப் பிடித்துத் திட்டுவாள். நான்காம் நாள் கண்மாய்க்கரைக்கு வந்து, "சரி சரி, எந்திரிங்க, அடுத்த தைக்கு இன்னும் பதினோரு மாசந்தான் கெடக்கு" என்று எங்களைக் கிளப்பிவிடுவார். எங்களை நம்புவதற்கு ஊரில் வேறு ஒரு நாதியும் கிடையாது. எங்களுக்கே எங்கள்மேல் நம்பிக்கை இல்லை. அந்த மனுஷனுக்கு இருந்தது.

எழுபத்தொன்றில் மறுபடியும் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்து தோற்றோம். திரும்பும் வழியில் நான் அழுதுகொண்டே நடந்தேன், வெட்கம் என்ன கிடக்கிறது. தண்ணீர் குடிக்க ஒரு ஊருணிக்கரையில் நின்றபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். மாமா ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பல் பாதி கொட்டிவிட்டதால் கடலையைத் தன் வாயில் மென்று மென்று ஊட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு. தோற்ற அன்று அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் பார்ப்பதைக் கண்டதும் களவாணி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த மார்கழியில் அவர் பூசாரியிடம் கேட்டதும் எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏப்பா சின்னக்கருப்பு, நேந்த கிடா கெழடாயிருச்சு. கறியும் வேகாது. எளங்கிடாயா ரெண்டு பிடிச்சுக் குடுத்துட்டா, இத விட்ருவாரா?"

"என்ன பேசுறீக நீக? இவந்தான்னு சாமிகிட்டக் காட்டிச் சொன்னீகள்ல? ஆள மாத்துனா ஒத்துக்கிருவாரா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்று மாமா எழுந்துவிட்டார். நான் இதை அணியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனை பேருக்கு ஜெயிக்கக் கால் வந்திருக்கும்?

எழுபத்திரண்டு தை. கடைசி ஆட்டம். அதே நாட்டரசன்கோட்டை. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை, இரண்டு பக்கமும் சமம். பாட வேண்டியது நான். நடுக்கோட்டில் நின்று மூச்சு இழுக்கும்போது என்னை அறியாமல் கண் கரைப்பக்கம் போனது. மாமா கயிற்றைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். சீல்டு அவர் தொடையில் சாய்ந்து நின்றது. நான் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தால் அது செத்தது. தொடாமல் வந்தால் இன்னும் ஒரு வருஷம் அது இருக்கும். எனக்குக் கால் நகரவில்லை.

மாமாவுக்கு என் மனசு தெரிந்துவிட்டது.

"என்ன மாப்ள இங்குட்டுப் பாக்குற? அங்குட்டுப் பாருடா! பாடிப் போடா!" கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அந்தச் சத்தம். "ஒக்கூருக்காரன்டா நீ! போடா!"

போனேன். வலது ஓரத்தில் நின்றவன் முழங்காலில் என் பெருவிரல் பட்டது. மூன்று பேர் மேலே விழுந்தார்கள். இழுத்துக்கொண்டு வந்து கையைக் கோட்டில் வைத்தேன். காது அடைத்துக் கிடந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு மணி கேட்டது.

அன்று ஒக்கூர் வரைக்கும் எங்கள் கால் தரையில் படவில்லை. மாமாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டு வந்தார். நடிப்பு இல்லை, சத்தியமாகச் சந்தோஷம். ஒரு கையால் வெள்ளி சீல்டை நெஞ்சோடு அணைத்திருந்தார், இன்னொரு கையில் கயிறு.

அடுத்த வெள்ளிக்கிழமை கருப்பர் கோயிலில் ஊரே கூடியது. கிடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார்கள். உடம்பைக் குலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். குலுக்காவிட்டால் சாமிக்குச் சம்மதமில்லை. மூன்று தடவைதான் ஊற்றுவது எங்கள் கோயில் வழக்கம். சாதாரணக் கிடா முதல் சொட்டுக்கே சிலிர்க்கும். இது அசையவில்லை. எட்டு வருஷம் எத்தனை மழையில் எங்களோடு நடந்த கிடா, ஒரு செம்புத் தண்ணீருக்கா அசையும்? இரண்டாவது தடவையும் ஊற்றினார்கள். மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது செம்பை முழுவதுமாகத் தலையிலேயே கவிழ்த்தார் பூசாரி. காதிலிருந்து தண்ணீர் வடிந்ததே தவிர, அசைவில்லை.

சின்னக்கருப்பு செம்பைக் கீழே வைத்தார். "வீரணண்ணே, சாமி வேணாங்குறாரு. அவுத்துக் கூட்டிட்டுப் போங்க."

மாமா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்த எனக்கு உள்ளே ஏதோ உடைத்துக்கொண்டது. வெள்ளி சீல்டும் நமக்கு, கிடா சீல்டும் நமக்கு! இப்படி ஒரு நாள் இனி இந்தப் பிறவியில் வருமா? தோள் துண்டை உருவி மேலே எறிந்தேன். அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"ஒக்கூருடா!"

பாவி. நான்தான் கத்தினேன்.

அது தலையிலிருந்து வால் வரை ஒரு குலுக்குக் குலுக்கியது. தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. மணி கலகலவென்று அடித்தது. குலுக்கிவிட்டு, கடலைக்காக மாமாவின் மடியைப் பார்த்தது.

"உத்தரவு குடுத்துட்டாருப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். நான் பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அது சாமி இல்ல, எஞ் சத்தத்துக்குக் குலுக்குச்சு" என்று கதறினேன். யார் காதிலும் ஏறவில்லை. மாமா மடியிலிருந்து கடலையை எடுத்து, மென்று, அதற்கு ஊட்டினார். கொம்புக்கு நடுவில் சொறிந்துவிட்டார். பிறகு கயிற்றைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

பந்தியில் எங்கள் ஏழு பேர் இலையிலும் சோறு அப்படியே இருந்தது. மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். "சாமி சோறு. செயிச்ச பயலுக எந்திரிக்கக் கூடாது" என்று முதல் வாயை அவர்தான் தின்றார். என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் வீடு தேடி வந்து திட்டுவார் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வரவில்லை. அந்த வருஷம் முழுக்க அவர் எதிரில் வந்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

அடுத்த தைக்கு அவர் வந்தார். மடியில் கடலை இருந்தது, கையில் கயிறு இல்லை. முதல் சுற்று ஆட்டத்தில் நான் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். காது அடைத்துக்கொண்டது. கோட்டில் கையை வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்துக் கிடந்தேன். பக்கத்தில் நின்றவன் வந்து தூக்கிவிட்ட பிறகுதான் பாயிண்ட் என்றே புரிந்தது. அந்த ஆட்டத்தைத் தோற்றோம். சீல்டு வாங்கிய ஊர் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு நடந்தது.

வழியில் எங்கள் அணிப் பொன்னழகு, "மாமா, எங்க ஆடு ரெண்டு குட்டி போட்ருக்கு. ஒண்ண நேந்துவிட்ருவமா?" என்று கேட்டான்.

"வேணாம்டா" என்றார் மாமா. "நாம தோத்துக்கிட்டே இருப்போம்."

பிறகு எப்போதும் போலக் கடலையைப் பங்கு வைத்தார். கடைசியில் நடந்துகொண்டிருந்த என்னிடம் வந்து ஒரு பிடியை என் கையில் திணித்தார். நான் தலை நிமிரவில்லை.

"தின்னு மாப்ள" என்றார். "நீ கத்தாட்டி நாங் கத்தியிருப்பேன்டா. எனக்கும் வாய் வரைக்கும் வந்துருச்சு."