சொல்லாமல் போன இணைப்பு

ஜெசிந்தா திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே புரோகிராம் எழுதிப் பிழைப்பவள். அப்பா ஞானராஜ் கிளியனூரை விட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினும் மூக்குக் குழாயுமாகக் கிடந்தும் வாய் மட்டும் குறையவில்லை. வேறு வழியில்லாமல் மெஷினோடு ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, அதைத் தன் கணினியோடு எந்நேரமும் இணைப்பில் வைத்தாள். ஆக்சிஜன் குறைந்தால் பெட்டி தகவல் அனுப்பும். குறையாதவரை பேசாது. இணைப்பு இருக்கும்வரை திரையில் ‘அப்பா’ பக்கத்தில் பச்சை, அறுந்துபோனால் சிவப்பு.

பிசகு இங்கேதான். மறுமுனையில் இருக்கும் பெட்டி போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகும் என்று நம்பிவிட்டாள். வளர்ந்த வீடு அப்படி. கடைக்குப் போனாலும் ‘வர்றேன்’ சொல்லாமல் அங்கே யாரும் படி இறங்கியதில்லை.

ஆடிக் காற்றில் ஒரு மத்தியானம் கிளியனூரில் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கைவிட்டது. மெஷின் நின்றது, கூடவே பெட்டியும் நின்றது. செத்த பெட்டி எதைச் சொல்லும்? பச்சையைப் பார்த்துக்கொண்டே ஜெசிந்தா சாப்பிட்டு முடித்தாள். எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள் போன் செய்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஒன்றும் பேசாமல் போனார்கள். சாவு வீட்டில் ‘வர்றேன்’ சொல்லக் கூடாது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இப்படிச் சொல்லாமல் போகிறவர்களுக்காக அவள் அந்தப் புரோகிராமில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கோவிந்தம்மாள் கூப்பிட்டாள். அவள் புருஷன் நடராசனுக்கும் இப்போது ஆக்சிஜன் மெஷின்தான்.

“நான் கழனிக்குப் போய்க்கினு இருக்கேன், அவரு தனியா கெடக்கறாரு. அந்தப் பெட்டிய இவருக்கு வெச்சிக் குடும்மா.”

“அது ஏமாத்திடுச்சி, அத்தை.”

“தெரியும். திருத்தி வையி.”

அடக்கம் முடிந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த பெட்டியை எடுத்துத் திருத்தினாள். இனி அரை நிமிஷத்துக்கு ஒருமுறை கணினி ‘இருக்கீங்களா?’ என்று கேட்கும். பெட்டி ‘இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை பதில் வராவிட்டால் மணி அடிக்கும்.

பழைய புரோகிராமை நிறுத்த, அன்றிலிருந்து தொடாமல் ஓடவிட்டிருந்த அப்பாவின் திரையைத் திறந்தாள். ‘அப்பா’ பக்கத்தில் இன்னும் பச்சை. கணினிக்கு யாரும் சொல்லவில்லையே. வாய்விட்டு அழுதாள். பட்டென்று அணைக்க மனம் வரவில்லை. அந்தப் பழைய இணைப்பிலேயே ‘இருக்கீங்களாப்பா?’ என்று எழுதி அனுப்பினாள்.

பதில் வராததால் கணினி அதையே தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தது. கால் மணி நேரத்துக்குப் பிறகு அதுவும் கேட்பதை விட்டது; பச்சை சிவப்பானது. அதுவரை கூடவே உட்கார்ந்திருந்த ஜெசிந்தா, பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளியனூர் பஸ் ஏறினாள்.