கங்கையம்மாளின் வெள்ளைக் கைக்குட்டை

சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பியதும் கங்கையம்மாள் கீழே இறங்கிப் பின்பக்கம் போய், புகைக்குழாயின் வாய்க்கு நேராக ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடிக்கிறாள். சற்று நேரம் பிடித்துவிட்டு விரித்துப் பார்க்கிறாள். நடுவில் கரிவட்டம், குழந்தைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு போல.

“என் சக்களத்தி இன்னிக்கும் மை வச்சு அனுப்பிகீறாய்யா” என்கிறாள், வண்டியைத் தட்டி.

அது யாருக்குச் சொன்னதோ அவர் வண்டியின் பின்தட்டில், ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் கணவர் குமரவேல். பதில் சொல்ல வாயைத் திறந்தவருக்கு இருமல் முந்திக்கொள்கிறது. “புகைலாம் இல்லடி, சளி” என்கிறார், கண்ணில் நீர் கோத்துக்கொள்ள.

முடிச்சூரில் மாமனார் வழியில் மிஞ்சிய மனைக்கட்டில் அவர்களுடைய செடிப் பண்ணை இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடிந்தால் பல்லாவரம் சந்தையில் கடை. வண்டி ஓட்டுவது எப்போதும் கங்கையம்மாள்தான். குமரவேலும் ஒருமுறை கற்றுக்கொண்டார். முன்னால் போக வேண்டிய வண்டியைப் பின்னால் விட்டுத் தன் வீட்டு மதிலையே இடித்துத் தள்ளினார். அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஆனால் வண்டியைப் பற்றிய தீர்ப்புகள் எல்லாம் இன்றுவரை அவருடையவை. “டீசல்னா டீசல்தான். இழுவைன்னா அது இழுவை.”

சந்தையில் கங்கையம்மாளிடம் செடி வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பதுபோல் விசாரிப்பாள். பால்கனி எந்தப் பக்கம்? வெயில் எப்போது வரும்? ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஒருமுறை சேலையூர் அடுக்ககத்திலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், “வெயிலே எட்டிப் பாக்காத வூட்டுக்கு என் செம்பருத்தியத் தர மாட்டேன். அது அழுதுகினே செத்துடும். மணி பிளாண்ட் எடுத்துட்டுப் போங்க மேடம், அதுக்கு ரோஷமே கெடையாது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அந்த அம்மா கோபித்துக்கொண்டு போய், அடுத்த வாரமே கிழக்குப் பார்த்த அக்கா வீட்டுக்குச் செம்பருத்தி வாங்க வந்து நின்றாள்.

இப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் ஒரு பெரிய சங்கடம். பழைய டீசல் பிக்கப் வண்டி புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டது. பழுது பார்த்தும் பலனில்லை. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று காலாவதியாவதற்குள் புது வண்டி வேண்டும். இல்லாவிட்டால் சந்தையில் அவள் இடத்தில் வேறு யாராவது தார்ப்பாய் விரித்துவிடுவார்கள். கேஸ் வண்டியா, டீசல் வண்டியா?

“மைலேஜு, மைலேஜு. கேஸுதான் கட்டுப்படியாவும்” என்று கங்கையம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது பொய். குமரவேலின் நெஞ்சைச் சோதித்த டாக்டர், “இவரைப் புகையிலிருந்து தள்ளி வையுங்கம்மா” என்று சொன்ன நாளிலிருந்துதான் அந்தக் கைக்குட்டை அவள் இடுப்பில் ஏறியது. ‘முன்னால் வந்து உட்காருய்யா’ என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள். குமரவேல் மசியவில்லை. “தொட்டி ஆடினா மொட்டு உதிரும். நான் புடிச்சுக்கறேன்.” போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் குரோட்டன்ஸ் இலைகளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார். ரோஜா மொட்டுக்காகத் தன் நெஞ்சைக் கரியாக்கிக்கொள்ளும் மனிதனை என்ன செய்வது? வண்டியைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் கேஸ் வண்டி அவள் சுமையை இழுக்குமா? ஈர மண்ணும் சிமெண்டுத் தொட்டியும் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மேம்பாலத்தில் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால்? அந்தக் கேள்விதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

பக்கத்துத் தெருவில் முட்டை லோடு அடிக்கும் சாலமன் புதிதாக டீசல் வண்டி வாங்கியிருந்தான். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி நல்ல மனதோடு கொடுத்தான். கங்கையம்மாள் கைக்குட்டையைப் பிடித்தாள். பளிச்சென்று வெள்ளை! குமரவேல் தாமே அந்த வண்டியைப் பெற்றெடுத்ததுபோல் பூரித்துப் போனார்.

“பாத்தியா? பி.எஸ். சிக்ஸு! புது சட்டத்துல டீசலும் சுத்தந்தான்.”

“கல்யாணம் ஆன புதுசுல நீகூட வெள்ளையாத்தான் இருந்த” என்றாள் அவள்.

சாலமனே ஒரு குறையைச் சொல்லியிருந்தான். “டவுனுக்குள்ளயே உருட்டிகினு இருந்தா உள்ள ஃபில்டர்ல கரி சேந்துரும்க்கா. லைட்டு எரியும். ஞாயித்துக்கெழம செங்கல்பட்டு வரிக்கும் சும்மா வெரட்டிகினு போய் அத எரிச்சுட்டு வரேன். நாய வாக்கிங் கூட்டிகினு போற மாதிரி.” கங்கையம்மாளின் ஓட்டமோ முடிச்சூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையே சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டம்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத குடும்பம் அது. டீசலை வழிய வழிய நிரப்பியும் குமரவேலுக்கு மனம் ஆறவில்லை. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்னத் தொட்டி இருந்தது. புகையைச் சுத்தம் செய்ய அதில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும் என்று சாலமன் சொன்னது நினைவுக்கு வந்தது. யூரியாவா? பண்ணையில் மூட்டையே இருக்கிறதே! பயிருக்குப் போடும் யூரியாவை வாளியில் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அன்பும் பண்புமாக ஊற்றி மூடினார்.

மறுநாள் சாலமன் ஓட்டிப்போன வண்டியின் டாஷ்போர்டில் தீபாவளி. இருக்கிற விளக்கெல்லாம் எரிந்தன. இரும்புலியூர் தாண்டுவதற்குள் வண்டி ஆமையாகிவிட்டது. பட்டறையில் தொட்டியைக் கழற்றிக் கழுவினார்கள். அதற்கென்று சுத்தமாகத் தயாரித்த கரைசலைத்தான் கடையில் வாங்கி ஊற்ற வேண்டுமாம். சாலமன் வந்து வாசலில் நின்றான். குமரவேல் கையைப் பிசைந்தார். சாலமனால் திட்ட முடியவில்லை, சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது.

“மாமா, என் வண்டி இன்னா ரோஜாச் செடியா? நாலு நாள்ல பூக்குமா?”

கங்கையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பட்டறைச் செலவைக் குமரவேல் ஏற்றுக்கொண்டார். கூடவே, நல்ல வெயில் விழும் சாலமன் வீட்டு வாசலுக்கு விசாரணை எதுவுமின்றி ஒரு செம்பருத்தியும் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை குமரவேல் தானாகவே இறங்கி வந்தார். “சரி, கேஸ் வண்டியும் பாப்போம். ஆனா லோடோட பாலம் ஏறணும். நின்னுச்சுன்னா டீசல்தான். பேச்சு மாறக் கூடாது.”

“நீயும் மாறக் கூடாது” என்றாள்.

ஷோரூம் பையன் சாம்பசிவன் காலி வண்டியோடு வந்தான். பண்ணை வாசலில் வரிசையாக நின்ற சிமெண்டுத் தொட்டிகளைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. “மேடம், லோடு ஏத்தி ட்ரையல் குடுக்கறதில்ல.”

“காலி வண்டிய யார் வேணாலும் ஓட்டுவாங்க தம்பி. நான் மண்ணு ஏத்தறவ. நீ மேனேஜருக்குப் போனப் போடு, நான் பேசறேன்.” பேசினாள். தொட்டிகள் ஏறின. குமரவேலும் வழக்கம்போல் பின்தட்டில் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நீதிபதியாக அமர்ந்தார்.

பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனபோது முன்னால் பேருந்து நின்றது. கங்கையம்மாளும் நிறுத்த வேண்டியதாயிற்று. எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அதுவே நடந்தது. பேருந்து நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. கிளட்சை விட்டாள், வண்டி உறுமி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. சாம்பசிவன் டாஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ‘திருநீர்மலைப் பெருமாளே, அவரு நெஞ்சுக்காகக் கேக்கறேன்’ என்று அவள் உதடு துடித்தது. ஒரு கணம். மறுகணம் சக்கரம் பிடித்தது. வண்டி முனகியது, நடுங்கியது, முன்னே நகர்ந்தது. மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் நிற்காமல் ஏறியது.

பின்னாலிருந்து வெடித்த முதல் கூச்சல் குமரவேலுடையது. “ஏறுது கங்கா! ஏறுதுடி! விடாத, அப்டியே வா!” தோற்றுப்போனவர் ஒரு ரோஜாத் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்.

பாலம் இறங்கியதும் ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை ஓடவிட்டே இறங்கி, இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் புகைக்குழாயின் முன் வெகுநேரம் பிடித்தாள். விரித்தாள். ஒரு புள்ளி இல்லை.

“இன்னாடி சொல்லுது?” என்று குமரவேல் பின்தட்டிலிருந்து குனிந்தார்.

கங்கையம்மாள் எட்டி, அதே கைக்குட்டையால், ரோட்டோரத்தில், ஊர் பார்க்க, அவருடைய முகத்து வியர்வையை அழுந்தத் துடைத்துவிட்டாள்.